டிலோரியன் காலயந்திரப் பிரதி: வேலையை எங்கிருந்து தொடங்குவது?

சேக்ரமெண்டோ_சாரதி:

அனைவருக்கும் வணக்கம். கலிபோர்னியாவில் சேக்ரமெண்டோவுக்கு அருகில் வசிக்கிறேன். மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு. வார இறுதிகளில் மட்டும் மெக்கானிக். பழைய டொயோட்டா ஒன்றின் எஞ்சினை இறக்கிப் பிரித்து மறுபடி ஏற்றிய அனுபவம் உண்டு, பிரேக், சஸ்பென்ஷன் வேலைகளும் பழக்கம்தான், வெல்டிங் ஓரளவுக்கு வரும்.

1985இல் வெளிவந்த ‘பேக் டு த ஃப்யூச்சர்’ படத்தில் ஓடும் காலயந்திரக் காரை என் கையாலேயே செய்து பார்க்க வேண்டும் என்பது சிறுவயதிலிருந்தே இருக்கும் ஆசை. அந்தக் காலயந்திரம் டிலோரியன் என்ற காரை மாற்றிச் செய்தது; அதற்கு அடித்தளமாக 1981ஆம் ஆண்டு டிலோரியன் ஒன்று இப்போது கைக்கு வந்திருக்கிறது. பல ஆண்டுகளாக ஒரு கொட்டகையில் ஓடாமல் நின்ற வண்டி அது. உடம்பில் பெரிய நசுங்கல் எதுவும் இல்லை. எஞ்சின் கையால் சுற்றினால் சுற்றுகிறது. பெட்ரோல் தொட்டியிலிருந்து வார்னிஷ் நாற்றம் வீசுகிறது.

படத்தில் வரும் முதல் வடிவத்தையே செய்ய விரும்புகிறேன்: பின்பக்கத்து அணு உலை, இரண்டு பெரிய புகைவாய்கள், உடம்பைச் சுற்றி ஓடும் கேபிள்கள், ஒளிரும் பட்டைகள், உள்ளே காலப்பயணத்தைச் சாத்தியமாக்குவதாகக் கதையில் வரும் ஃப்ளக்ஸ் கெபாசிட்டர், மூன்று வரிசை எண்திரைகள். பெரும்பாலான பாகங்களை முப்பரிமாண அச்சுப்பொறியில் செய்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன். இவற்றைப் பொருத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகளில் துளையிடலாமா, அச்சிட்ட பாகங்கள் எஞ்சின் சூட்டைத் தாங்குமா, வேலை முடிந்த பிறகு வண்டியைச் சாலையில் ஓட்ட முடியுமா என்பவைதான் என் கேள்விகள். இந்த வண்டியில் கைவைத்தவர்கள் யாராவது வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

பழைய_பட்டறை:

வணக்கம் நண்பரே. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். நீங்கள் கேட்டவை எல்லாம் சித்திரத்தைப் பற்றியவை. ஓடாமல் நின்ற வண்டியை ஓடவும், அதைவிட முக்கியமாக நிற்கவும் வைக்கும்வரை அச்சுப்பொறியின் பக்கமே போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அலங்காரம் முழுவதும் ஏறிவிட்ட பிறகு எஞ்சினுக்கோ பின்சக்கரத்துக்கோ கைநுழைப்பது பெரும்பாடாகிவிடும்.

சேஸிஸிலிருந்து தொடங்குங்கள். லோட்டஸ் நிறுவனத்தார் வடிவமைத்த முதுகெலும்புச் சட்டம் அது. இரு முனைகளிலும் ஒய் எழுத்தைப் போல் பிரியும். சாதாரண எஃகின்மேல் எபாக்சி பூசியிருக்கிறார்கள். வெளித் தகடுகள் துருப்பிடிக்காதவை என்பதால் வண்டியே துருப்பிடிக்காது என்று பலர் நம்பிவிடுகிறார்கள். உண்மையில் எபாக்சியில் ஒரு கீறல் விழுந்தாலே ஈரம் உள்ளே புகுந்து, மேலே பூச்சு பளபளப்பாக இருக்கும்போதே அடியில் எஃகு செதில் செதிலாக உதிரத் தொடங்கும். சிறு சுத்தியலால் சட்டம் முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள்; கணீரென்று ஒலிக்கும் இடம் நல்ல இடம், மொத்தென்று கேட்கும் இடத்தில் பூச்சைச் சுரண்டிப் பாருங்கள். பெட்ரோல் தொட்டி அமர்ந்திருக்கும் முன்பகுதியை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது, பின்சக்கரங்களைத் தாங்கும் டிரெய்லிங் ஆர்ம்களைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகள். டிலோரியன் வைத்திருப்பவர்கள் கூடும் இடமெல்லாம் இந்தப் பேச்சு வரும். பக்கத்துக்கு ஒன்று வீதம் இரண்டே போல்ட்டுகள். பழைய போல்ட் புஷ்ஷுக்குள் துருவேறி இறுகி, நடுவில் லேசாக வளைந்திருக்கும். கழற்றி ஒரு சமதளத்தில் உருட்டினால் அது தத்தித் தத்தி உருளுவதைக் கண்ணாலேயே காணலாம். ஓட்டத்தில் அது முறிந்தால் பின்சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பிவிடும். வலுவான உலோகக் கலவையில் செய்த மாற்றுப் போல்ட்டுகள் கிடைக்கின்றன. பழையது நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். கழற்றும்போது அங்கே இருக்கும் மெல்லிய ஷிம் தகடுகள் எந்தப் பக்கத்தில் எத்தனை இருந்தன என்று குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பின்சக்கரங்களின் நேர்நிலையைத் தீர்மானிப்பவை அவைதான்.

நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக். கேலிப்பர், மாஸ்டர் சிலிண்டர், ரப்பர் குழாய்கள் ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் புதுப்பித்துவிடுங்கள்.

எரிபொருள் அமைப்பு பாஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக் என்ற பெட்ரோல் பீய்ச்சும் அமைப்பு. ஏறத்தாழ 5 பார் அழுத்தத்தில் இயங்குகிறது. எனவே பழைய ரப்பர் குழாயில் விழும் மயிரிழை விரிசல்கூட, சூடான எஞ்சினின் மேல் பெட்ரோலைப் பீய்ச்சியடிக்கப் போதும். நின்றுபோன பெட்ரோல் பிசினாகி, சிலிண்டர்களுக்குப் பெட்ரோலைப் பங்கிடும் ஃப்யூயல் டிஸ்ட்ரிபியூட்டரின் நடுத்தண்டைப் பிடித்துக்கொள்ளும். தொட்டி, பம்ப், குழாய்கள், வடிகட்டி எல்லாவற்றையும் சுத்தம் செய்த பிறகு காற்றளவுத் தட்டை விரலால் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். முழுத் தூரமும் ஒரே சீரான எதிர்ப்பு இருக்க வேண்டும். இடையில் எங்கேனும் சிக்கினால் டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரித்தாக வேண்டும்.

எஞ்சின் பியூஜோ, ரெனோ, வோல்வோ மூன்றும் சேர்ந்து உருவாக்கிய 2.85 லிட்டர் வி6, பிளாக் அலுமினியம். இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் இரு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. அங்கே தண்ணீரும் குப்பையும் தேங்கினால் பிளாக்கையே அரித்து ஓட்டையாக்கிவிடும். கொட்டகையில் நின்ற வண்டி என்பதால் எலிக்கூடும் இருக்கக்கூடும். மேனிஃபோல்டைக் கழற்றி, அந்தப் பள்ளத்தை விளக்கடித்துப் பார்க்காமல் எஞ்சினை முடுக்காதீர்கள்.

கடைசியாகக் கதவுகள். மேல்நோக்கித் திறக்கும் அந்தக் கதவுகளின் பாரத்தைத் தாங்குவது கூரைக்குள் இருக்கும் முறுக்குத் தண்டு. கிரம்மன் விமான நிறுவனம், தண்டைத் திரவ நைட்ரஜனில் குளிரவைத்து முறுக்கேற்றிச் செய்து கொடுத்தது. முறுக்கு ஏறியிருக்கும் நிலையில் அதை அவிழ்ப்பது எலும்பை முறிக்கும் வேலை. கதவு தொங்கினால் முதலில் வாயுத் தண்டுகளை மாற்றிப் பாருங்கள். முறுக்குத் தண்டைத் தொடுவதானால் அதற்கான கருவியும் பழக்கமும் உள்ளவரிடம் விடுங்கள்.

---

மின்_இணைப்பு:

மேலே எழுதியவர் இயந்திரத்தைப் பற்றிச் சொல்லிவிட்டதால் நான் அலங்காரத்துக்கு வருகிறேன்.

தகடுகளில் துளையிட வேண்டாம். 1981 முதல் சில ஆண்டுகளுக்குள் வட அயர்லாந்தின் டன்மரி ஆலையில் மொத்தம் செய்யப்பட்டவையே ஏறத்தாழ 9,000 வண்டிகள்தான். அந்தத் தகடு 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சாயம் பூசாமல், கோடு கோடாக இழைத்த பரப்பாகவே விடப்பட்டது. மற்ற கார்களில் துளையைப் பட்டி போட்டு அடைத்துப் பெயின்ட் அடித்து மறைக்கலாம். இதில் மறைப்பதற்குப் பெயின்டே கிடையாது. காந்தத்தால் ஒட்டவைக்கலாம் என்று யாராவது சொன்னால், இந்த வகை எஃகைக் காந்தம் பிடிக்காது. கீறல்களைத் தேய்க்க இரும்புக் கம்பளியையும் பயன்படுத்தாதீர்கள். அதன் துகள்கள் பரப்பில் பதிந்து, துருப்பிடிக்காத தகட்டில் துருப்புள்ளிகள் தோன்றும். நைலான் தேய்ப்பானால், இழை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும்.

துளையில்லாமல் பொருத்த வழி இருக்கிறது. பின்பக்கத்துச் சாய்வு மூடியையும் எஞ்சின் மூடியையும் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, அவற்றின் கீல்களும் போல்ட் துளைகளும் இருந்த இடங்களையே பிடிமானமாகக் கொண்டு ஓர் அலுமினியச் சட்டம் செய்யுங்கள். உலை, புகைவாய்கள் எல்லாம் அந்தச் சட்டத்தின்மேல்தான் உட்கார வேண்டும், வண்டியின்மேல் அல்ல. எடை மிக முக்கியம்: இந்த வண்டியின் பாரத்தில் ஏறத்தாழ 65 விழுக்காடு ஏற்கெனவே பின்சக்கரங்களின்மேல்தான் இருக்கிறது.

அச்சுப் பாகங்களைப் பொறுத்தவரை, அச்சுப்பொறியில் வழக்கமாகப் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். சேக்ரமெண்டோ கோடையில் நிறுத்திவைத்த காரின் டாஷ்போர்டில்கூட அது வளைந்துவிடும். உள்ளே வைப்பதற்கு, அதைவிடச் சூடு தாங்கும் ஏபிஎஸ் அல்லது ஏஎஸ்ஏ பிளாஸ்டிக் போதும். எஞ்சினுக்கு மேலே வருபவற்றை அலுமினியத்தில் செய்வதுதான் என் பரிந்துரை. அசல் காரில் பொருத்தியவையும் பெரும்பாலும் கழித்துவிடப்பட்ட விமான மின்னணுப் பாகங்கள்தான். அதே பாகங்களைப் பழைய சரக்குக் கடைகளில் தேடிப் பிடிப்பது இந்த வேலையின் பெரிய இன்பங்களில் ஒன்று. படத்தின் முடிவில் வரும், குப்பையை எரிபொருளாக்கும் ‘மிஸ்டர் ஃப்யூஷன்’ கருவிகூட க்ரூப்ஸ் நிறுவனத்தின் காபி அரைக்கும் கருவியிலிருந்து செய்ததுதான்.

மின்சாரத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. தகடுகளுக்கு அடியில் இருக்கும் உடல் கண்ணாடியிழை என்பதால், மற்ற கார்களைப் போல அருகிலிருக்கும் ஏதோ ஒரு திருகில் எர்த் கொடுக்க முடியாது. ஒவ்வொரு விளக்குக்கும் எர்த் கம்பியைச் சேஸிஸ் வரை இழுத்து வாருங்கள். அலங்கார விளக்குகள் அனைத்துக்கும் பேட்டரியிலிருந்து தனி ஃப்யூஸ் பெட்டியும் ஒரே முதன்மை ஸ்விட்சும் வையுங்கள். வண்டியின் பழைய வயரிங்கில் எங்கும் கிளை போடாதீர்கள்.

---

சேக்ரமெண்டோ_சாரதி:

இருவருக்கும் மிக்க நன்றி. போல்ட்டுகளைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை. இந்த வாரமே கழற்றிப் பார்க்கிறேன். சாலையில் ஓட்டுவதைப் பற்றியும், பிற்காலத்தில் யாராவது இதைப் போன்ற ஒன்றை விலைக்குச் செய்து தரச் சொன்னால் செய்யலாமா என்பதைப் பற்றியும் யாராவது சொல்ல முடியுமா?

---

சட்டப்_பக்கம்:

சாலையைப் பற்றி முதலில். கலிபோர்னியாவில் 1975ஆம் ஆண்டு வரையிலான பெட்ரோல் கார்களுக்குத்தான் புகைப் பரிசோதனையிலிருந்து விலக்கு. உங்களுடையது 1981 என்பதால் விலக்கு இல்லை. பரிசோதகர் புகையை அளப்பதோடு நிற்பதில்லை. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் உள்ளிட்ட பாகங்கள் இடத்தில் இருக்கின்றனவா என்று கண்ணாலும் பார்ப்பார். அவர் எஞ்சினைப் பார்க்க முடியாதபடி உலையை நிரந்தரமாகப் பொருத்திவிட்டால் அங்கேயே சிக்கல். மேலே சொன்ன அலுமினியச் சட்டத்தைச் சில போல்ட்டுகளில் கழன்று வரும்படி செய்தால் இந்தத் தொல்லையும் தீரும்.

ஒளிரும் நீலப் பட்டைகளைப் பொதுச்சாலையில் எரியவிடாதீர்கள். நீல எச்சரிக்கை விளக்கு அங்கே காவல்துறைக்கு உரியது. படத்தில் வரும் எண்பலகையைக் காட்சிக்கு நிற்கும்போது மட்டும் மாட்டுங்கள். பின்கண்ணாடி வழியாக அநேகமாக ஒன்றுமே தெரியாது. பக்கக் கண்ணாடிகள் இரண்டும் பழுதில்லாமல் இருக்க வேண்டும். காப்பீட்டை, நீங்களும் நிறுவனமும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பின் பேரில் எடுங்கள், அலங்கார வேலையின் செலவையும் ரசீதுகளோடு காட்டி.

விற்பனை வேறு சங்கதி. பேட்மேனின் காரைப் பிரதி செய்து விற்றுவந்த ஒருவர்மேல் டிசி காமிக்ஸ் தொடுத்த வழக்கில், அந்தக் கார் தனித்த அடையாளம் கொண்ட ஒரு பாத்திரமாகவே பதிப்புரிமைப் பாதுகாப்புக்கு உரியது என்று அமெரிக்காவின் 9ஆம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் 2025இல், திரைப்படங்களில் வந்த ‘எலினார்’ என்ற மஸ்டாங் காருக்கு அந்தத் தகுதி இல்லை என்றும் சொன்னது. ஆகவே எந்தத் திரைப்படக் காருக்கு எந்த நிலை என்பதை நாமாக ஊகிக்க முடியாது. உங்களுக்கென்று ஒன்றைச் செய்து ஓட்டுவதும், பிறருக்குச் செய்து காசு வாங்குவதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. பணம் கைமாறும் முன் பதிப்புரிமை வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.

---

பழைய_பட்டறை:

ஒன்றைச் சேர்க்க மறந்துவிட்டேன். படப்பிடிப்பில் முதன்மையாகப் பயன்பட்ட காரே லாஸ் ஏஞ்சலஸில் பீட்டர்சன் கார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பல ஆண்டுகள் வெட்டவெளியில் நின்று சிதைந்துபோய், ஆர்வலர் குழு ஒன்று பாகம் பாகமாகச் செப்பனிட்டு மீட்ட வண்டி அது. அலுமினியச் சட்டத்தை வெட்டுவதற்கு முன் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள். கேபிள்கள் எந்த இடத்தில் வளைந்து உள்ளே போகின்றன, புகைவாய்கள் எந்தச் சாய்வில் நிற்கின்றன என்பதெல்லாம் நேரில் பார்த்தால்தான் கைக்கு வரும். அளவுக்குப் பின்சக்கரத்தையே வைத்துக்கொள்ளுங்கள்: டயரை விட்டு உலோகச் சக்கரத்தின் விட்டம் மட்டும் பின்னால் 15 அங்குலம், முன்னால் 14. சக்கரம் முழுதாகத் தெரியும்படி பக்கவாட்டில் நேராக நின்று படமெடுத்தால், மற்ற அளவுகளை வீட்டில் உட்கார்ந்து கணக்கிட்டுக்கொள்ளலாம். போல்ட்டுகளைக் கழற்றியதும் படம் போடுங்கள்; பார்த்துச் சொல்கிறேன்.