பிசிஎம்சிஐஏ அட்டையும் லினக்ஸ் துவக்கமும்: உங்களுக்கு எங்கே நின்றது?

பழையமடி:
‘ஐஓ போர்ட் ப்ரோப்’ (சாதனங்களோடு பேசும் போர்ட் முகவரிகளைச் சோதிப்பது) என்று தொடங்கும் வரியைத் திரையில் இன்று பார்த்தாலும் எனக்கு நெஞ்சு பதறும். அட்டைகளை அடையாளம் கண்டு அமைக்கும் கார்ட்எம்ஜிஆர் நிரல் தொடங்கி அந்த வரி தோன்றிய கணமே மடிக்கணினி உறைந்தது. கேப்ஸ் லாக்கை அழுத்தினால் அதன் விளக்குகூட எரியவில்லை. மடிக்கணினியின் துளையில் செருகும் அந்த பிசிஎம்சிஐஏ அட்டையைக் கழற்றிவிட்டுத் துவக்கியபோதும் அதே வரியில்தான் நின்றது. கார்ட்எம்ஜிஆரின் அமைப்புக் கோப்பான கான்ஃபிக்.ஆப்ட்ஸில் பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) 800 முதல் 8எஃப்எஃப் வரையிலான போர்ட் வரிசையை நீக்கிய பிறகே துவக்கம் நிறைவடைந்தது. கார்ட்எம்ஜிஆரை நான் அதற்குப் பின் நம்பியதில்லை.

ஈதர்அட்டை:
என் வலையமைப்பு அட்டையில் உறையவில்லை, ஆனால் துவக்க வரிசை தவறியது. கார்ட்எம்ஜிஆர் காலத்தில் அட்டை அடையாளம் காணப்பட்டுச் சரியாக அமைந்தால் இரண்டு உயர்ந்த ஓசைகள் கேட்கும் என்பதும், அமைக்க முடியாவிட்டால் இரண்டாவது ஓசை தாழ்ந்துவிடும் என்பதும் உங்களுக்குத் தெரியும். அன்று இரண்டும் உயர்ந்தே ஒலித்தன. நிம்மதியுடன் திரையைப் பார்த்தால், வலையமைப்புச் சேவை அதற்கு முன்பே ஓடி முடிந்து, என்எஃப்எஸ் (வலையமைப்பு வழியே பகிரப்படும்) கோப்பகத்தை ஏற்ற முடியவில்லை என்ற செய்தி மேலே நகர்ந்துகொண்டிருந்தது.

யெண்டா:
பழையமடி கார்ட்எம்ஜிஆரைக் குறை கூறுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மதர்போர்டின் வேறொரு சாதனம் எந்த போர்ட்டில் இருக்கிறது என்பதைக் கர்னலுக்கு (லினக்ஸின் மைய நிரலுக்கு) யாரும் சொல்லாதபோது, தடவிப் பார்ப்பதைத் தவிர அதற்கு வழியில்லை. 2.6.13 கர்னலில் சாதனங்களைக் கவனிக்கும் யுடெவும் பிசிஎம்சிஐஏயுடில்ஸ் கருவிகளும் கார்ட்எம்ஜிஆரின் அந்த வேலையை ஏற்ற பிறகும் இச்சிக்கல் தீரவில்லை.

என் அனுபவம் சிறியது: ரூட் கோப்பு முறைமை (லினக்ஸ் நிறுவப்பட்ட முதன்மை வட்டு) பிசிஎம்சிஐஏ துளையில் செருகிய காம்பாக்ட் ஃபிளாஷ் நினைவட்டையில் இருந்தது. யெண்டா_சாக்கெட், பிசிஎம்சிஐஏ, பாட்டா_பிசிஎம்சிஐஏ என்ற மூன்று கர்னல் தொகுதிகளையும், ரூட்டை ஏற்றும் முன் இயங்கும் தற்காலிகக் கோப்பு முறைமையான இனிட்ராம்எஃப்எஸ்ஸில் சேர்த்தும் வட்டு தோன்றவில்லை.

ஆகவே, இனி முயல்பவர்கள் முதலில் தம் அட்டை 16 பிட்டா, 32 பிட் கார்ட்பஸ்ஸா என்று பாருங்கள். கார்ட்பஸ் அட்டை எல்எஸ்பிசிஐ கட்டளை தரும் சாதனப் பட்டியலிலேயே தெரியும். அதற்கு போர்ட் வரிசை எழுதத் தேவையில்லை. அட்டைத் துளையைக் கணினியுடன் இணைக்கும் பிரிட்ஜ் சில்லுக்கு பஸ் எண் கிடைக்காமல் அட்டை மறைந்திருந்தால், துவக்க வரியில் ‘பிசிஐ=அசைன்-பஸ்ஸஸ்’ என்று கொடுத்துப் பாருங்கள். 16 பிட் அட்டையாயின், எந்த போர்ட்டுகளைப் பயன்படுத்தலாம் என்று யாராவது அறிவிக்கும் வரை சாக்கெட்டின் இயக்கி அட்டையைத் தொடாது. அதை அறிவிக்கும் பிசிஎம்சிஐஏ-சாக்கெட்-ஸ்டார்ட்அப் நிரலையும் அதன் யுடெவ் விதியையும் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் சேர்க்க நான் மறந்திருந்தேன். சேர்த்ததும் அடுத்த துவக்கத்திலேயே வட்டு வந்துவிட்டது.

ஈதர்அட்டை:
யெண்டா சொல்வது சரியே, ஆயினும் என் இயந்திரத்தில் அட்டை விழித்தெழுந்தது. காத்திருக்காதது வலையமைப்புச் சேவைதான். என்எஃப்எஸ் ஏற்றத்தை அட்டைக்கான நெட்வொர்க் ஸ்கிரிப்ட்டுக்கே மாற்றினேன். அதன் பிறகு அந்தச் செய்தி திரும்ப வரவில்லை.