புகைப்படத்தில் வைத்த ஜாடி மேசையில் உட்காராமல் மிதப்பது ஏன்?

கேள்வி

வணக்கம். ஜன்னலோர மர மேசை ஒன்றை நானே படமெடுத்து, பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்த வெள்ளைப் பீங்கான் ஜாடியை அதன்மேல் வைத்திருக்கிறேன். கேமரா கோணமும் குவியத் தூரமும் பொருந்திவிட்டன. இணையத்தில் கிடைத்த, வேறோர் அறையின் எச்டிஆர்ஐ படத்தை (சுற்றிலுமுள்ள வெளிச்சத்தின் வலிமையையும் பதிந்து வைத்திருக்கும் படம்) ஒளிமூலமாக இட்டு, ஷேடோ கேட்சர் (தான் தெரியாமல் நிழலை மட்டும் காட்டும் தளம்) மூலம் நிழலையும் பெற்றேன். ஆனாலும் ஜாடி வெட்டி ஒட்டியதுபோல் மிதக்கிறது. வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துவிட்டேன். எங்கே தவறு?

மறுமொழி 1

வெளிச்சத்தின் அளவைத் தொடுமுன், படத்தில் ஏற்கெனவே விழுந்திருக்கும் நிழல்களைப் பாருங்கள். மேசையில் ஒரு கோப்பை இருந்தால், அதன் நிழலின் திசையும் விளிம்பின் மங்கலும் ஒளிமூலத்தின் இடத்தையும் அளவையும் சொல்லிவிடும். சூரியன் நம் கண்ணுக்கு அரைப் பாகை அகலமே உடையது என்பதால், நேர்வெயிலில் ஒரு மீட்டர் தள்ளி விழும் நிழலின் விளிம்பு சுமார் 9 மில்லிமீட்டர்தான் மங்கும். ஜன்னல் வழியே வரும் வான வெளிச்சமோ அகன்ற பரப்பிலிருந்து வருவதால், நிழல் பொருளின் அடியில் கருத்து, சற்றுத் தள்ளியதும் கரைந்துபோகும். வேறோர் அறையின் எச்டிஆர்ஐ உங்கள் ஜன்னலை அறியாது.

அதே இடத்துக்குத் திரும்பச் செல்ல முடியுமானால், 1998இல் கணினி வரைகலை ஆய்வாளர் பால் டெபெவெக் விளக்கிய முறையே இன்றும் நம்பகமானது. ஜாடி நிற்கவேண்டிய இடத்தில் கண்ணாடிபோல் பளபளக்கும் உருண்டையை வைத்து, பல எக்ஸ்போஷர்களில் (கேமராவில் பதியும் வெளிச்சத்தின் அளவுகளில்) படமெடுத்து, அவற்றை ஒரே எச்டிஆர்ஐ படமாக்கி ஒளிமூலமாக இடுங்கள். ஒரே எக்ஸ்போஷரில் எடுத்தால் ஜன்னல் வெறும் வெள்ளையாகிவிடும். அந்த வெள்ளையில் அதன் உண்மையான வலிமை பதியாததால் நிழலும் வெளிறிவிடும். ஆறும் பத்தும் ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து எடுக்கச் சலிக்கவேண்டாம்.

மறுமொழி 2

மேலே சொன்னது முழுவதும் சரி. ஆனால் மிதப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். உண்மையான வெள்ளை ஜாடியை மரத்தின்மேல் வைத்தால், அதன் அடிப்பகுதியில் மரத்தின் பழுப்பு ஏறும். உங்கள் ஷேடோ கேட்சர் தளம் சாம்பல் நிறத்தில் இருந்தால் அந்தப் பழுப்பு வராது. ஆகவே படத்தில் நிழல் படாத பகுதியிலிருந்து மரத்தின் நிறத்தை எடுத்து அந்தத் தளத்துக்குக் கொடுங்கள்.

மறுமொழி 3

பிளெண்டர் கணக்கிட்ட ஒளியைத் திரைக்கான நிறங்களாக மாற்றும் வியூ டிரான்ஸ்ஃபார்ம் அமைப்பையும் பாருங்கள். பிளெண்டர் 4.0 முதல் அதில் ஏஜிஎக்ஸ் என்ற மாற்றமுறை இயல்பிருப்பாக உள்ளது; பின்னணிப் புகைப்படமும் அதன் வழியே சென்றால் வெளிறிப்போகும். ‘ஸ்டாண்டர்ட்’ என்று மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. எஃகு உருண்டை ஒன்றை வைத்து ஏழு படங்கள் எடுத்தேன். ஜன்னலுக்கு எதிரே உள்ள வெளிர்மஞ்சள் சுவர் இவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பதை உருண்டைக்குள் பார்த்த பிறகுதான் உணர்ந்தேன். ஜாடியின் இருண்ட பக்கம் இப்போது அந்த மஞ்சளில் மெல்லத் துலங்குகிறது. தளத்துக்கு மரநிறம் கொடுத்ததும், பீங்கானின் அடிவிளிம்பில் துருத்திக்கொண்டிருந்த வெள்ளைக் கோடும் மறைந்துவிட்டது.