ஏரிக்கரையில் ஹீட்டர் வேண்டாம் என்று யார் சொன்னது?

கற்றாழை:
மெக்சிகோவின் சப்பாலா ஏரிக்கரைக்குக் குடிவர நினைக்கிறவர்களுக்கான இழையில் அஹிஹிக் அண்ணாச்சி நேற்று இப்படி எழுதியிருக்கிறார்: "இங்கே ஏசியும் வேண்டாம், ஹீட்டரும் வேண்டாம். பதினோரு வருடமாக இரண்டும் இல்லாமல்தான் இருக்கிறேன்." அதை நம்பி, கனடாவிலிருந்து வரும் ஒரு தம்பதி கம்பளியை எல்லாம் தானம் கொடுத்துவிட்டோம் என்று கீழே பதில் போட்டிருக்கிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் தனி இழை.

ஏசியை விடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் காய்ந்தாலும் மின்விசிறியை வைத்துச் சமாளித்துவிடலாம். ஜூனில் மழை வந்துவிடும், அதுவும் பெரும்பாலும் ராத்திரியில். ஆனால் ஹீட்டர்? நான் இதே ஏரிக்கரையில் சான் அந்தோனியோவில் இருக்கிறேன், இது ஆறாவது வருடம். ஜனவரியில் காலை ஆறரை மணிக்கு என் சமையலறையில் 13 டிகிரி. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் வெப்பமானி காட்டியது. வெளியே அல்ல, வீட்டுக்குள்ளே. செங்கல் சுவர், செங்கல் வளைவுக் கூரை, தரை முழுக்க டைல்ஸ், ஜன்னலுக்கு ஒற்றைக் கண்ணாடி. ராத்திரி குடித்த குளிரைச் சுவர் மத்தியானம் வரை விடுவதில்லை. முற்றத்தில் சுள்ளென்று வெயில் அடிக்கும், உள்ளே நாங்கள் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்போம். தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாக உறைந்து, கரண்டிக் காம்பால் குத்தி எடுத்தோம். இதற்குப் பிறகும் ஹீட்டர் வேண்டாமா?

அஹிஹிக் அண்ணாச்சி:
தம்பி, தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைய ஆரம்பிக்கும். எண்ணெய் உறைந்ததைக் காட்டி ஊரையே பனிப்பிரதேசம் ஆக்காதீர்கள். இந்த ஊர் 1,500 மீட்டருக்கு மேல் உயரத்தில், வெப்ப மண்டலத்துக்குள் இருக்கிறது. பக்கத்திலேயே மெக்சிகோவின் மிகப் பெரிய ஏரி. அந்தத் தண்ணீர் பகல் சூட்டைப் பிடித்து வைத்து ராத்திரி கொடுக்கிறது. உலகத்திலேயே இரண்டாவது சிறந்த தட்பவெப்பம் என்று பத்திரிகையிலேயே போட்டிருக்கிறார்கள். நான் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்.

கற்றாழை:
எந்தப் பத்திரிகை, எந்த ஆண்டு, எந்த இதழ்? ஆறு வருடமாகக் கேட்கிறேன். வீட்டுத் தரகர்கள் எல்லாரும் இதையே சொல்கிறார்கள், ஒருவரும் அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டியதில்லை.

எண்ணெய் 24 டிகிரியிலேயே உறையும் என்கிறீர்களே, சரி. அப்படியானால் என் சமையலறை 24-க்குக் கீழே போனது என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள். அதோடு, நான் சொன்னது லேசாக உறைந்த எண்ணெய் அல்ல. கல்லாக உறைந்த எண்ணெய்.

குவாதலஹாரா தம்பி:
ஒரு சின்னச் சந்தேகம். ஹீட்டர் என்று எதைச் சொல்கிறீர்கள்? வீடு முழுவதையும் சூடாக்கும் அமைப்பா, காலை ஒரு மணி நேரம் காலடியில் வைக்கும் சின்னப் பெட்டியா? "வேண்டாம்" என்றால் உயிர் பிழைக்கலாம் என்றா, சுகமாக இருக்கலாம் என்றா? அதை முதலில் முடிவு செய்துகொண்டால் பாதிச் சண்டை தீரும்.

வடக்குப் பறவை:
எட்மன்டனில் மைனஸ் முப்பதில் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்தவன் நான். 13 டிகிரிக்கு அங்கே அரைக்கால் சட்டையோடு தோட்டத்தில் இறைச்சி சுடுவோம். கற்றாழை சார் டொராண்டோவை அதற்குள் மறந்துவிட்டாரா?

கற்றாழை:
எட்மன்டனில் உங்கள் வீட்டுக்கு உள்ளே எத்தனை டிகிரி? இருபத்தொன்று. வெளியே மைனஸ் முப்பதாக இருந்தாலும் உள்ளே இருபத்தொன்று. இங்கே வெளியே எட்டு, உள்ளே பதின்மூன்று, அதை மாற்ற வீட்டில் ஒன்றுமே கிடையாது. குளிரைப் பற்றி நான் பேசவில்லை, வீட்டைப் பற்றிப் பேசுகிறேன். அப்புறம், நீங்கள் சுற்றுலா அனுமதியில் நவம்பர் முதல் மார்ச் வரை வந்து போகிறவர். நாலு வருடம் தற்காலிகக் குடியிருப்பு அட்டையைப் புதுப்பித்து, வரிசையில் நின்று, நிரந்தர அட்டை வாங்கியவன் நான். இங்கே வருடம் முழுக்க வாழ்கிறவர்களின் பேச்சு இது.

வடக்குப் பறவை:
ஜனவரியில் இருக்கிறவன் நான்தானே ஐயா? குளிர்காலத்தைப் பற்றிப் பேச ஜூலையிலும் இருந்திருக்க வேண்டுமா? அட்டையின் நிறத்தைக் காட்டி அதட்டும் பழக்கத்தை விடுங்கள். போன வருடம் நாய் விவகாரத்திலும் இதையே செய்தீர்கள்.

மேகலா:
அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி. போன டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும் பொசாதா விழாச் சமயத்தில் உங்கள் வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் கணப்பு எரிந்துகொண்டிருந்ததே. மெஸ்கீட்டே விறகு, நம் ஊர்ச் சீமைக்கருவேலத்தின் சொந்தக்காரன், வாசனையே தனி. அக்கா என்னை அதன் பக்கத்தில்தான் உட்கார வைத்தார்கள். "இங்கே வாம்மா, அந்தப் பக்கம் குளிரும்" என்று சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கற்றாழை:
கணப்பு! பதினோரு வருடமாக ஹீட்டர் இல்லாமல் வாழ்ந்தவர் வீட்டில் கணப்பு! எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அஹிஹிக் அண்ணாச்சி:
கணப்பு ஹீட்டர் அல்ல. வீடு கட்டியவன் வைத்த கணப்பு, விருந்தாளி வந்தால் அழகுக்காகப் பற்ற வைப்போம். நான் எழுதியது ஹீட்டர் வேண்டாம் என்று. ஹீட்டர் என்றால் கடையில் வாங்குவது. மேகலா, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு இப்படிப் பொதுவில் எழுதுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மேகலா:
சாப்பாட்டைக் குறை சொல்லவில்லை அண்ணாச்சி. தம்பதி கம்பளியைத் தானம் கொடுத்துவிட்டார்களே என்றுதான் எழுதினேன். நான் வந்த முதல் குளிர்காலத்தில் கடைக்குப் போய் ஸ்பானிஷில் "கலென்தடோர்" கேட்டேன். பையன் உள்ளே போய் ஆளுயரத்துக்குக் குளியலறைக்கான வெந்நீர் அடுப்பைத் தள்ளிக்கொண்டு வந்தான். அறைக்கு வைப்பதைக் "கலெஃபாக்தோர்" என்று கேட்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஹீட்டரே வேண்டாம் என்று சொன்னவர்கள் இந்த ஒரு வார்த்தையையாவது சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

அஹிஹிக் அண்ணாச்சி:
கலென்தடோர் என்றாலும் புரியும். சொல்கிற விதத்தில் சொல்ல வேண்டும்.

மேகலா:
வெளிநாட்டுக்காரர்கள் கூடும் சொசைட்டித் தோட்டத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது பத்துப் பேர் முன்னால் என் உச்சரிப்பைத் திருத்தினீர்கள். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். காய்கறிச் சந்தையில் என்னிடம் நின்று பேசுகிறார்கள், உங்களுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள்.

கற்றாழை:
உச்சரிப்பை விடுங்கள், விஷயத்துக்கு வருவோம். 13 டிகிரி. கல்லாக உறைந்த எண்ணெய். இட்லி மாவு இரண்டு நாளானாலும் பொங்காது, ஓவனுக்குள் விளக்கைப் போட்டு அதில் வைக்கிறோம். இவ்வளவுக்குப் பிறகு ஒரு மின் ஹீட்டர் வாங்கினோம், 1,500 வாட். அடுத்த பில்லைப் பார்த்து என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கணக்கு இதுதான்: தினம் ஆறு மணி நேரம் ஓடினால் 9 யூனிட், மாதத்துக்கு 270. இங்கே மாதச் சராசரி 250 யூனிட்டைத் தாண்டினால் "டாக்" என்ற உயர் கட்டண வகைக்குத் தள்ளிவிடுவார்கள், அரசு மானியம் அடியோடு போய்விடும். ஹீட்டர் வேண்டாம் என்று எழுதுகிறவர் இதையும் எழுத வேண்டாமா?

குவாதலஹாரா தம்பி:
அந்த 250 பன்னிரண்டு மாதச் சராசரி சார். ஜனவரியில் மட்டும் ஏறினால் உடனே டாக் ஆகாது. உங்களுடையது ஏற்கெனவே எல்லையில் இருந்திருக்கும், நீச்சல் குள மோட்டார் ஏதாவது ஓடுகிறதா? கூரையில் சூரியத் தகடு போட்டவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. இங்கே குவாதலஹாரா நகரமும் ஏறக்குறைய அதே உயரம். நான் கேஸ் ஹீட்டர் வைத்திருக்கிறேன், ஜன்னலை இரண்டு விரல் திறந்து வைத்துக்கொள்வேன், படுக்கப் போகும் முன் அணைத்துவிடுவேன். மூடிய அறையில் கேஸ் ஹீட்டரை விட்டுவிட்டுத் தூங்கவே கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.

கற்றாழை:
என் வீட்டில் நீச்சல் குளம் இருக்கிறதா என்பது யாருக்கும் தேவையில்லாத பேச்சு. நகரத்தில் இருந்துகொண்டு ஏரிக்கரை வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டாம். உங்கள் ஊர்க் குழாயில் வரும் தண்ணீரில் பாதிக்கு மேல் எங்கள் ஏரித் தண்ணீர் என்பதையாவது நினைத்துப் பாருங்கள். 1955-இல் வற்றியது, 2002 வாக்கிலும் வற்றியது. படகுத் துறைக்கும் தண்ணீருக்கும் நடுவில் மாடு மேய்ந்தது என்று இங்கே உள்ளவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். ஆழமே இல்லாத ஏரி. அது சூட்டைப் பிடித்து வைத்து ராத்திரி கொடுக்கிறது என்று அண்ணாச்சி சொல்கிறார், என் எண்ணெய்க்கு அந்தச் சூடு வந்து சேரவில்லை.

வடக்குப் பறவை:
எண்ணெய், எண்ணெய், எண்ணெய். காலை ஐந்து மணிக்கு வாணம் வெடிக்கிறதே, அதைப் பற்றி ஒருவரும் பேச மாட்டேன் என்கிறீர்கள். நவம்பர் கடைசியில் சான் ஆந்த்ரேஸ் திருவிழா, ஒன்பது நாளும் தூக்கமில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு அதையல்லவா சொல்ல வேண்டும்?

மேகலா:
அவர்கள் ஊர், அவர்கள் சாமி, அவர்கள் திருவிழா. நீங்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்த வாணம் வெடிக்கிறது. பொறுக்கவில்லை என்றால் டிசம்பரில் வாருங்கள்.

அஹிஹிக் அண்ணாச்சி:
மேகலா சொன்னதில் இது ஒன்று சரி. அதையேதான் ஹீட்டருக்கும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் வீட்டில் ஹீட்டர் கிடையாது. ஊர்க்காரர்களுக்குத் தேவைப்படாதது நமக்கு எதற்கு?

மேகலா:
தேவைப்படாமல் இல்லை அண்ணாச்சி, வாங்க வழியில்லை. நாம் எல்லாரும் வந்து வாடகையை டாலரில் பேசிய பிறகு அவர்கள் பிள்ளைகளுக்கு அஹிஹிக்கில் ஓர் அறை எடுக்கவே முடியவில்லை. அந்த அம்மா மூன்று போர்வை போர்த்திக்கொண்டு படுக்கிறார், பேரனுக்கு ஜனவரி முழுக்க இருமல். என்னிடமே சொல்லியிருக்கிறார். டிசம்பர் 20-க்குள் பதினைந்து நாள் சம்பளத்தை அகினால்டோவாக, அதாவது வருடக் கடைசி போனஸாக, கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கொடுத்தீர்களா என்று நான் கேட்கவில்லை, நீங்களே சொல்லுங்கள்.

அஹிஹிக் அண்ணாச்சி:
கொடுத்தேன். சட்டம் சொன்னதற்கு மேலேயே கொடுத்தேன். என் வீட்டுக் கணக்கை இங்கே விரித்துக் காட்ட வேண்டிய அவசியம் எனக்கில்லை. இந்த இழையின் தரம் எங்கே போகிறது என்று நிர்வாகிகள் கவனிக்கட்டும்.

கற்றாழை:
தரம் கெட்டது கணப்பை மறைத்தபோதே. நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. உங்கள் வீட்டுக்குள் காலை ஆறரை மணிக்கு எத்தனை டிகிரி? ஒரே ஒரு எண். சொல்லுங்கள்.

அஹிஹிக் அண்ணாச்சி:
என் வீட்டில் வெப்பமானி கிடையாது. தேவைப்பட்டதில்லை.

கற்றாழை:
அளந்தே பார்க்காமல் பதினோரு வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். நான் அளந்தேன். 13.

அஹிஹிக் அண்ணாச்சி:
உங்கள் வீடு மலையடிவாரத்தில், நெடுஞ்சாலைக்கு மேலே, மரத்தடியில். என் வீடு ஏரியைப் பார்த்துத் தெற்கு நோக்கி இருக்கிறது. குளிர்கால வெயில் கூடம் வரைக்கும் வரும். வீடு பார்க்கும்போதே திசை பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கே சொன்னேன், தரகர் பேச்சைக் கேட்டு எடுத்தீர்கள்.

கற்றாழை:
தெற்கு பார்த்த வீட்டுக்குக் கணப்பு எதற்கு? நாளைக் காலை ஆறரைக்கு வெப்பமானியைப் படம் எடுத்து இங்கே போடுகிறேன். பக்கத்திலேயே எண்ணெய் பாட்டிலையும் வைத்து.

புதுக்குடி:
கம்பளியைத் தானம் கொடுத்த தம்பதி நாங்கள்தான். வியாழக்கிழமை வந்து இறங்குகிறோம். எடுத்திருக்கும் வீடு அதே ஏரிக்கரையில் சான் ஹுவான் கொசலாவில். அது தெற்கா வடக்கா என்று தெரியவில்லை. போர்வை அங்கேயே வாங்கிக்கொள்ளலாமா?

அஹிஹிக் அண்ணாச்சி:
கற்றாழை, படத்தில் நேரமும் தெரிய வேண்டும். ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்து எடுக்கக் கூடாது.