விட்ஸ் 1000 சிசி: லீற்றருக்கு 13 ஓடியது இப்போது 10. எதிலிருந்து பார்க்கத் தொடங்குவது?

கொழும்பு06 எழுதியது:

மன்ற நண்பர்களுக்கு வணக்கம். என்னிடம் இருப்பது ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த, 2015ஆம் ஆண்டுத் தயாரிப்பான டொயோட்டா விட்ஸ், 1000 சிசி. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியாகக் கோட்டையிலுள்ள அலுவலகத்துக்குப் போய்வருவதைத் தவிர அதற்குப் பெரிய ஓட்டம் எதுவும் இல்லை. நெடுங்காலமாக லீற்றருக்கு 13 கிலோமீற்றர் கொடுத்து வந்த வாகனம், அண்மைக்காலமாக 10ஐத் தாண்ட மறுக்கிறது. சேர்விஸ் எதையும் தவறவிடவில்லை. ஒயில், எயார் ஃபில்டர், பற்றரி ஆகியவை கடந்த ஓராண்டுக்குள் மாற்றப்பட்டவை. கராஜில் காட்டியபோது பெற்றோலைத் தூவும் இன்ஜெக்டரைக் கழுவ வேண்டும், என்ஜின் ஃப்ளஷ் (உள்ளே படிந்த ஒயில் அழுக்கை மருந்து ஊற்றிக் கழுவுவது) செய்ய வேண்டும், இனிமேல் ஒக்டேன் 95 தான் அடிக்க வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னார்கள். மூன்றும் சேர்ந்தால் செலவு கணிசமானது என்பதால், அதற்கு முன் வேறு எதையாவது பார்க்க வேண்டுமா என்று அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய_ஸ்பனர் எழுதியது:

வணக்கம். வாகனத்தில் கை வைப்பதற்கு முன் ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். நீங்கள் சொல்லும் பாதை ஒரு வழிக்கு ஏறத்தாழ 8 கிலோமீற்றர். லீற்றருக்கு 13 ஓடிய காலத்தில் அந்தப் பயணத்துக்கு 0.6 லீற்றருக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவாகியிருக்கும். ஏசி போட்டபடி அசையாமல் நிற்கும் 1000 சிசி வாகனம் மணிக்கு ஏறத்தாழ 0.8 லீற்றர் குடிக்கும் என்று வைத்துக்கொண்டால், முன்பைவிட 15 நிமிடம் அதிகமாக நெரிசலில் நின்றாலே 0.2 லீற்றர் மேலதிகமாகப் போய்விடும். இப்போது அதே 8 கிலோமீற்றருக்கு 0.8 லீற்றருக்கு மேல் ஆகிறது; வகுத்துப் பார்த்தால் உங்கள் 10 வந்துவிடுகிறது. அதாவது, இயந்திரத்தில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே இந்தச் சரிவு சாத்தியம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறக்கப்பட்ட பின் காலி வீதியில் காலை வேளை எப்படி இருக்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதில் உங்கள் பற்றரிக்கும் பங்கிருக்கக்கூடும். 2014இல் முகம் மாறி வந்த 1000 சிசி விட்ஸ் பலவற்றில், சிக்னலில் நின்றதும் இயந்திரம் தானாக அணைந்து பிரேக்கை விட்டதும் மீண்டும் இயங்கும் வசதி உண்டு. அடிக்கடி ஸ்டார்ட் செய்வதைத் தாங்கும்படி செய்யப்பட்ட, விலை கூடிய பற்றரி அதற்குத் தேவை. அதன் இடத்தில் சாதாரண பற்றரியைப் பூட்டினால், பற்றரியின் நிலை போதாது என்று கண்டு வாகனம் அந்த வசதியைப் பயன்படுத்தாமல் விட்டுவிடும். டாஷ்போர்டில் பெரிய எச்சரிக்கை எதுவும் வராததால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. உங்கள் வாகனத்தில் அந்த வசதி இருந்ததா, இருந்தால் இப்போதும் வேலை செய்கிறதா என்பதைச் சொல்லுங்கள்.

மற்றது, இந்த 13, 10 என்பவை எங்கிருந்து கிடைத்தவை? திரையில் தெரியும் இலக்கம் பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே காட்டும். ஒரே நிரப்பு நிலையத்தில், ஒரே பம்பில், துப்பாக்கி முதல் முறை தானாக நிற்கும் வரை நிரப்பி, அடுத்த முறையும் அவ்வாறே நிரப்பிக் கணக்கிடுவதே நம்பத்தக்கது. ஒரு ஞாயிறு காலையில் கொட்டாவையில் ஏறி அதிவேக வீதியில் மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் காலி வரை ஓடிப் பாருங்கள். ஏறத்தாழ 95 கிலோமீற்றர் தூரம் அளவிடப் போதுமானது. அங்கே லீற்றருக்கு 18, 19 என்று வந்தால் இயந்திரம் நலமாக இருக்கிறது என்று பொருள். அதற்குப் பிறகு இன்ஜெக்டரைக் கழுவச் சொல்பவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

கொட்டாஞ்சேனை_வாசகி எழுதியது:

முன்னவர் சொன்ன கணக்கு சரியானது. ஆனால் வாகனம் இழுபட்டு ஓடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும், தம்பி. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் நிறுத்தப்படும் வாகனங்களில் உப்புக்காற்றுப் பட்டு, முன் பிரேக் கலிப்பர் (பேட்டைத் தட்டில் அழுத்தும் பகுதி) வழுக்கிச் செல்லும் பின்கள் இறுகிப்போவது வழக்கமாகக் காணும் விடயம். பிரேக்கை விட்ட பின்னும் பேட், சில்லோடு சுழலும் பிரேக் தட்டை உரசிக்கொண்டே இருக்கும். சாரதிக்கு வித்தியாசம் தெரியாது; பெற்றோலுக்குத் தெரியும். அதிகம் பிரேக் போடாமல் சிறிது தூரம் ஓடிவிட்டு நிறுத்தி, நான்கு ரிம்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு பக்கத்து முன் சில்லு மற்றப் பக்கத்தைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால் அங்கேதான் உரசல். தட்டை மட்டும் தொட்டுவிடாதீர்கள். பின்னை வெளியே எடுத்துத் துடைத்து, அதற்குரிய கிரீஸ் பூசிப் பூட்டுவது சிறிய வேலை.

ரயர் காற்றையும் பாருங்கள். சாரதியின் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஜப்பானிய ஸ்டிக்கரில் அளவு கிலோ பஸ்காலில் இருக்கும், அதை 6.9ஆல் வகுத்தால் பி.எஸ்.ஐ. கிடைக்கும். 230 என்று இருந்தால் 33. ரயர் கடைகளில் எந்த வாகனம் வந்தாலும் 30 என்று அடித்துவிடுவார்கள், அதுவும் ஓடிச் சூடேறிய ரயரில். நான்கு ரயரிலும் சராசரியாக 1 பி.எஸ்.ஐ. குறைந்தால் எரிபொருளில் 0.2 சதவீதம் வரை இழப்பு என்பது அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் கணிப்பு. ஆகவே இது மட்டும் உங்கள் 3 கிலோமீற்றரைத் திருப்பித் தராது. ஆனாலும் செலவில்லாத வேலை.

நீல_விட்ஸ் எழுதியது:

ஒக்டேன் 95 பற்றி யாரும் எழுதவில்லை. நான் 95 தான் அடிக்கிறேன். வாகனம் இலகுவாக இழுப்பது போன்ற உணர்வு இருக்கிறது.

பழைய_ஸ்பனர் எழுதியது:

உணர்வைப் பற்றி நான் வாதிட விரும்பவில்லை. ஆனால் ஜப்பானில் இந்த வாகனம் சாதாரண பெற்றோலுக்கென்று செய்யப்பட்டது. அந்நாட்டுத் தரத்தின்படி சாதாரண பெற்றோலின் குறைந்தபட்ச ஒக்டேன் 89. இங்கே கிடைக்கும் 92 அதைவிடக் கூடியதுதான். ஒக்டேன் இலக்கம் என்பது தட்டல் (பெற்றோல் உரிய நேரத்துக்கு முன் தானாக வெடித்து எரிவது) ஏற்படாமல் அழுத்தத்தைத் தாங்கும் திறனின் அளவே தவிர, ஒரு லீற்றரில் அடங்கியிருக்கும் சக்தியின் அளவு அன்று. எரிபொருள் மூடியில் 95 என்று எழுதியிருக்கும் டர்போ பூட்டிய ஐரோப்பிய வாகனங்களுக்கு அது கட்டாயம்; விட்ஸுக்கு அது வீண் செலவு.

ஒயிலைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த இயந்திரத்துக்கு உரியது 0டபிள்யூ-20. வெப்ப நாடு என்ற காரணம் சொல்லித் தடித்த ஒயிலை ஊற்றும் கராஜ்கள் இன்னும் இருக்கின்றன. அதனால் 1 முதல் 2 சதவீதம் வரை இழக்கலாம். எயார் ஃபில்டரைப் பொறுத்தவரை, இன்ஜெக்ஷன் வாகனத்தில் அது அழுக்கடைந்தால் இழுவைதான் குறையும். எரிபொருள் சிக்கனத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் வராது.

கொழும்பு06 எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் கேட்ட பின்தான் கவனித்துப் பார்த்தேன்: முன்பு பம்பலப்பிட்டிச் சிக்னலில் இயந்திரம் அணையும், பற்றரி மாற்றிய பின் அது அணைவதே இல்லை. இடது முன் சில்லும் வலதைவிடச் சூடாகத்தான் இருக்கிறது. உரிய பற்றரியைப் பூட்டினால் 13 திரும்பிவிடுமா? இன்ஜெக்டர், ஃப்ளஷ் இரண்டையும் முற்றாக மறந்துவிடலாமா?

பழைய_ஸ்பனர் எழுதியது:

முழுதாகத் திரும்பும் என்று சொல்லமாட்டேன். கொழும்பு வெயிலில் ஏசி ஓடும்போது, உள்ளே சூடு ஏறியதும் சிக்னல் மாறுவதற்கு முன்பே இயந்திரம் மீண்டும் இயங்கிவிடும். காலை வேளையில்தான் பலன் தெரியும். அந்தப் பற்றரியின் விலை கூட என்பதால், இப்போதுள்ளது பழுதாகும்வரை காத்திருந்து மாற்றுவதே கணக்குக்குச் சரியாக வரும். கலிப்பரை மட்டும் இந்த வாரமே செய்துவிடுங்கள். அது பெற்றோலோடு நிற்காமல் பேட்டையும் தட்டையும் தின்றுவிடும்.

இன்ஜெக்டரைப் பற்றி முடிவெடுக்க உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு சான்று இருக்கிறது. வருமான அனுமதிப்பத்திரத்துக்காக ஆண்டுதோறும் எடுக்கும் புகைப் பரிசோதனை அறிக்கையில், வாகனம் ஐட்லில் நிற்கும்போதும் 2500 சுழற்சியிலும் காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும் எவ்வளவு வெளியேறுகின்றன என்று அச்சிட்டிருப்பார்கள். அதைச் சித்தியடைந்ததற்கான தாள் என்று மட்டும் பார்த்து மடித்து வைத்துவிடுகிறோம். சென்ற ஆண்டுத் தாளையும் இந்த ஆண்டுத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இலக்கங்கள் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் எரிதல் ஒழுங்காக நடக்கிறது, கழுவ வேண்டியதில்லை. பல மடங்கு ஏறியிருந்தால் அப்போதும் முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றியும் ஒக்சிஜன் சென்சரை ஸ்கேனர் பூட்டியும் பார்க்கச் சொல்லுங்கள். ஃப்ளஷ் எந்த நிலையிலும் வேண்டாம்.