நுண் உரமா, மக்கெருவா? மாநகராட்சிக் கம்போஸ்டுக்கு ஒரு சொல்

ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் குழுவில் உள்ள ஐயாமார், அம்மாமார் அனைவருக்கும் வணக்கம்.

மாநகராட்சி குப்பையை மக்க வைக்கிற 'மைக்ரோ கம்போஸ்டிங் சென்டர்' என்பதற்குத் தமிழில் வந்த பரிந்துரைகளைப் படித்தேன். நுண் உர மையம், நுண்ணுரக்கூடம், சிற்றுர நிலையம். மூன்றிலும் எனக்கு ஒரே தகராறுதான். அங்கே சிறியது கூடம், உரம் இல்லை. மதுரையின் 100 வார்டுக் குப்பையையும் அவனியாபுரத்தை அடுத்த வெள்ளக்கல் குப்பைக் கிடங்குக்கு லாரியில் அடித்துக் கொட்டாமல், அந்தந்தப் பகுதிக் குப்பையை அங்கங்கேயே மக்க வைக்கிற சின்ன இடம் என்பதால்தான் அது 'மைக்ரோ'. நாம் அந்த 'நுண்'ணைக் கொண்டுபோய் உரத்தின் தலையில் கட்டிவிட்டோம்.

இது வெறும் இலக்கணச் சண்டை இல்லை. வேளாண்மை விரிவாக்க மையத்தில் துத்தநாகம், இரும்பு, போரான் கலந்து 'நுண்ணூட்டக் கலவை' என்று பாக்கெட்டில் தருகிறார்கள். உசிலம்பட்டியிலிருந்து வருகிற விவசாயி 'நுண் உரம்' என்ற பலகையைப் பார்த்தால் அதைத்தான் நினைப்பார். கைப்பிடி போட்டால் போதும் என்று நினைக்கிறவரிடம் டன் கணக்கில் எப்படி விற்பது?

'உரம்' என்ற சொல்லே எனக்கு உறுத்துகிறது. உரங்களின் தரத்தை வரையறுக்கும் மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் குப்பைக் கம்போஸ்டுக்குக் கேட்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்தது 0.8 சதவீதம். யூரியாவில் இருப்பது 46. ஒரு 45 கிலோ யூரியா மூட்டைக்கு ஈடாக இதைப் போட வேண்டுமானால் இரண்டரை டன்னுக்கு மேல் ஆகும். உரம் என்று பெயர் வைத்தால் விவசாயி யூரியாவோடுதான் ஒப்பிடுவார், ஒப்பிட்டால் இது தோற்கும். எரு என்று சொல்லிப் பாருங்கள், கணக்கே மாறிவிடும். மண் பொலபொலக்குமா, ஈரம் தாங்குமா, களை விதை இருக்குமா என்று கேட்பார். அவைதான் சரியான கேள்விகள். அதே ஆணை கரிமம் (கார்பன்) 12 சதவீதமாவது இருக்க வேண்டும், கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 20-க்குக் கீழே வர வேண்டும் என்று வைத்திருப்பதும் மண்ணை நினைத்துத்தான். 2016-இல் மத்திய அரசு டன்னுக்கு 1,500 ரூபாய் விற்பனை உதவி அறிவித்தது. காசு கொடுத்துத் தள்ள வேண்டியிருந்த சரக்கு இது. பெயரிலாவது சிக்கல் இல்லாமல் இருக்கட்டும்.

'தொழு உரம்' என்றே சொல்லலாமே என்று ஓர் ஐயா எழுதியிருந்தார். தொழுவம் இல்லாத தொழு உரமா? மாட்டுத்தாவணி சந்தையில் அழுகிய தக்காளிக்கும் முட்டைக்கோசு இலைக்கும் எந்தத் தொழுவத்தோடும் உறவில்லை. 'குப்பை' என்றே விடலாம் என்றார் இன்னொருவர். அதில் நியாயம் உண்டு. மேலூர்ப் பக்கம் 'வயலுக்கு நாலு வண்டி குப்பை அடிச்சிருக்கேன்' என்றால் எருவைத்தான் சொல்கிறார்கள். ஆனால் டவுன்காரர் காதில் இன்றைக்குக் குப்பை என்றால் பாலித்தீன் பை. அந்தச் சொல்லை மீட்பது நம் குழுவால் ஆகிற காரியமில்லை.

என் பரிந்துரை: கம்போஸ்டுக்கு 'மக்கெரு', கூடத்துக்கு 'மக்கெருக் கூடம்'. அளவைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் 'வார்டு மக்கெருக் கூடம்'. மட்கு என்பதே செம்மையான வடிவம், எனவே மட்கெரு என்பவர்களுக்கு: ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கு இடறும். மக்கு என்றால் வகுப்பில் திட்டுகிற சொல்லாயிற்றே என்று அம்மா ஒருவர் தயங்கியிருந்தார். தினமும் காலையில் தூய்மைப் பணியாளர் வாசலில் நின்று 'மக்கும் குப்பை தனியா குடுங்கம்மா' என்கிறார், யாரும் சிரிப்பதில்லை. வீட்டில் பிரிக்கிற பெயரும் கூடத்தில் முடிகிற பெயரும் ஒரே வேரில் இருந்தால், பச்சைத் தொட்டியில் போட்டது என்ன ஆகிறது என்று தனியே விளக்க வேண்டாம்.

பெயர் வைப்பதற்கு முன் ஒரு கூடத்துக்குள் போய்ப் பார்ப்பது நல்லது. ஹாலோ பிளாக்கை இடைவெளி விட்டு அடுக்கிய தொட்டிகள். வருகிற குப்பையை மறுபடி பிரித்து, அரவை இயந்திரத்தில் விட்டு, சாணிக்கரைசல் தெளித்து அடுக்குகிறார்கள். கிளறும்போது உள்ளேயிருந்து ஆவி அடிக்கும், சூடு 55 டிகிரிக்கு மேல் போகும். நோய்க்கிருமியும் களை விதையும் சாவது அந்தச் சூட்டில்தான். கிளறுகிறவருக்குப் பெரிய எதிரி வாழைத்தண்டுகூட இல்லை, மாலைதான். பூ மக்கிவிடும், கட்டிய நைலான் நூல் மக்காமல் முள்கரண்டியில் சுற்றிக்கொள்ளும். மல்லிக்குப் பேர்போன ஊரில் இது தினசரிப் பிரச்சினை. (வாழைநாரில் கட்டினால் என்ன என்று பூக்காரர்களைக் கேட்டால், நார் விலை தெரியுமா என்பார்கள்.)

'விண்ட்ரோ' என்பதற்கு 'நீள்குவியல்' வந்திருக்கிறது. தப்பில்லை, ஆனால் பாடப்புத்தகத் தமிழ். தொட்டியில்லாமல் தரையில் நீளமாக, ஓர் ஆள் உயரத்துக்குக் குவித்து, அவ்வப்போது புரட்டிப் போடுகிற முறை அது. எங்கள் பக்கம் வைக்கோலை அப்படி நீளமாக அடுக்கினால் படப்பு. 'எருப்படப்பு' என்று வைத்தால் வேலை செய்கிறவருக்கு வடிவமும் சேர்ந்தே புரியும்.

குப்பையிலிருந்து வடிகிற கறுப்புத் தண்ணீருக்குக் 'கசிவுநீர்' மட்டும் வேண்டாம். கசிவுநீர்க் குட்டை என்பது நிலத்தடி நீர் ஊறுவதற்காக வெட்டுகிற குட்டை, நல்ல தண்ணீர். 'குப்பைக்கழிநீர்' என்று வைக்கலாம். 'வடிநீர்' என்றால் மண்புழு வடிநீரோடு குழம்பும், அதைச் செடிக்குத் தெளிக்கிறார்கள்.

தஞ்சைப் பக்கத்து நண்பர்கள் வைக்கோல் 'போர்' என்பீர்கள். அங்கே 'படப்பு' என்றால் புரியுமா, வேறெதையாவது குறிக்குமா என்று எழுதுங்கள். அது தெரியாமல் 'எருப்படப்பு' சொல்லைப் பட்டியலில் ஏற்ற வேண்டாம்.