ராஜாஜி காலேஜ் படிக்கும்போதே அரசியல்ல இருந்தாரா?

ஓசூர்_தம்பி:
தொரப்பள்ளில பொறந்த ராஜாஜி பெங்களூர் சென்ட்ரல் காலேஜ்ல படிக்கறப்பவே காங்கிரஸ் ஆளுங்களோட பழக்கம் வெச்சிருந்தாரு, திலகர் கோஷ்டி அங்கயே அவர பிடிச்சிடுச்சுன்னு எங்க பக்கத்து பெரியவங்க அடிச்சு சொல்றாங்க. எனக்கு நம்பிக்கை வரல. யார் மூலமாதான் உள்ள வந்தாரு? தெரிஞ்சவங்க சொல்லுங்கண்ணா.

தென்பெண்ணை:
வயச கணக்கு போடு தம்பி. 1878 டிசம்பர்ல பொறந்தவரு, 1894ல பி.ஏ. முடிச்சிட்டாரு. 15 வயசு! ஓசூர்ல ஸ்கூல் முடிச்சிட்டு போன சின்ன பையன எந்த கோஷ்டி தேடி வந்து பிடிக்கும்? அதுவும் பெங்களூர் அப்போ மைசூர் மகாராஜா சீமை.

வக்கீல்_கிருஷ்ணகிரி:
பெங்களூர விடுங்க, மெட்ராஸ பாக்கணும். பிரசிடென்சி காலேஜ்ல சட்டம் படிச்சு 1897ல முடிக்கறாரு, அதே வருஷம்தான் திலகர் மேல ராஜதுரோக கேஸ் போட்டு உள்ள வெச்சாங்க, சட்டம் படிக்கறவரு அந்த கேஸ வரி விடாம படிச்சிருப்பாருன்னு நான் நினைக்கறேன், இது என் யூகம்தான். திலகர் மேல அவருக்கு பெரிய மரியாதை இருந்தது நிஜம், ஆனா மரியாதை வேற, தொடர்பு வேற.

நிஜமான தொடர்பு சேலத்துல தேடுங்க. 1900ல அங்க பிராக்டிஸ் ஆரம்பிக்கறாரு. ஏன் சேலம்னா நம்ம ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி மொத்தமும் அப்போ சேலம் ஜில்லா, பெரிய கேஸ்னா அங்கதான் ஓடணும். அந்த ஊர்ல ஏற்கனவே விஜயராகவாச்சாரியார் இருக்காரு. 1882 சேலம் கலவர கேஸ்ல தண்டனை வாங்கி, ஐகோர்ட்டு வரைக்கும் போய் ஜெயிச்சு வெளிய வந்தவரு, 1920ல நாக்பூர் காங்கிரசுக்கே தலைவர். அப்படிப்பட்ட ஆள் இருக்கற ஊர்ல இளம் வக்கீலா வந்து நிக்கறவருக்கு அரசியல் வாசல் வேற எங்க திறக்கும்?

ஓசூர்_தம்பி:
அப்போ சேலம் வந்த உடனே காங்கிரஸா?

வக்கீல்_கிருஷ்ணகிரி:
உடனே இல்லப்பா. 1906 கல்கத்தா மாநாட்டுக்கு போறாரு, அடுத்த வருஷம் சூரத், அங்கதான் காங்கிரசே ரெண்டா உடையுது. 1917ல சேலம் முனிசிபல் சேர்மன் ஆகறாரு, சுதந்திர போராட்டக்காரர் வரதராஜுலு நாயுடு மேல போட்ட ராஜதுரோக கேஸ்ல அவருக்காக வாதாடவும் செஞ்சாரு.

மொரப்பூரான்:
ரெண்டு பேரும் காந்திய விட்டுட்டீங்க. 1919ல மெட்ராஸ்ல ராஜாஜி வீட்லதான் காந்தி தங்கினாரு, விசாரணை இல்லாம உள்ள வைக்க வழி செஞ்ச ரவுலட் சட்டத்துக்கு எதிரா ஹர்த்தால், அதாவது கடையடைப்பு, யோசனை அங்க இருக்கறப்பதான் வந்துச்சு. காலேஜ் கதையெல்லாம் ஊர்ப்பாசத்துல சொல்றது, அந்த வீட்டு கதைய நம்ம பசங்களுக்கு மொதல்ல சொல்லுங்க.