ரேடியம் ஒட்டினால் போதுமா, லைட்டும் வேண்டுமா?

ஒத்தக்கடைத் தம்பி: சித்தப்பா விடியக்காலம் நாலு மணிக்கு மல்லிகை மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு, நாலுவழிச் சாலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு சைக்கிளில் போகிறார். பின்னாடி ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டினால் போதுமா, இல்லை சிவப்பு லைட்டும் வேண்டுமா?

வைகைக்கரையான்: ரேடியம் தாராளமாகப் போதும் தம்பி. பழனிக்கு நடக்கிறவர்கள் பையில் அதைத்தானே ஒட்டிவிடுகிறார்கள், எவ்வளவு தூரத்திலேயே பளிச்சென்று தெரிகிறது! லைட் என்றால் சார்ஜ் போட மறப்பார், மார்க்கெட்டில் நிறுத்தினால் எவனாவது கழற்றிக்கொண்டு போவான்.

பஞ்சர்கடை: அண்ணே, ரேடியம் ஸ்டிக்கருக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. மேலே விழுகிற வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். பின்னால் நேராக வருகிற லாரிக்குத் தெரியும், சரி. நரசிங்கம் ரோட்டிலிருந்து குறுக்கே திரும்புகிற வண்டியின் ஹெட்லைட் சைக்கிள் மேல் படுவதற்குள் மோதுகிற தூரத்துக்கு வந்திருப்பான், ஹெட்லைட்டே எரியாமல் வருகிறவனுக்கோ ரேடியம் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் வந்துவிடும், டிரைவர் பார்த்து பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே அவ்வளவு தூரம் போய்விடும். ஸ்டிக்கரில் சேறும் தூசியும் படிந்தால் அதுவும் மங்கல்.

வைகைக்கரையான்: அப்படியென்றால் டைனமோ போடுங்கள், சார்ஜ் தொல்லையே இல்லை.

பஞ்சர்கடை: சக்கரம் சுற்றுகிற வரைக்கும்தான் எரியும். ரோட்டைக் கடக்க நடுவில் நின்றால் அணைந்துவிடும், வெளிச்சம் வேண்டியதே அப்போதுதான். மூட்டையோடு மிதிக்கிறவருக்கு டயரில் உரசுகிற இழுவை வேறு.

தல்லாகுளம் அக்கா: ரெண்டு பேரும் மூட்டையை மறந்துவிட்டீர்கள். சீட்டுக்குக் கீழே லைட் மாட்டினால் மூட்டை மறைத்துவிடும், பின்னால் வருகிறவனுக்கு எதுவும் தெரியாது. மட்கார்டின் பின்பக்கம், மூட்டைக்கும் கீழே மாட்டச் சொல்லுங்கள் தம்பி. விட்டுவிட்டு மின்னுகிறதைவிட நிலையாக எரிவது நல்லது, மின்னுவதை வைத்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிப்பது கஷ்டம். அப்புறம் பெடலில் ரிஃப்ளெக்டர் இருக்கிறதா பாருங்கள். அது மேலும் கீழும் ஆடுவதைப் பார்த்தாலே சைக்கிள் என்று சட்டெனப் புரியும், மைல்கல்லோ கம்பமோ என்று யோசிக்க வேண்டியதில்லை.

வைகைக்கரையான்: பெடல் சரி, அது செலவில்லாத வேலை. திருட்டுக்கு என்ன பதில்?

பஞ்சர்கடை: கிளிப் மாடல் வேண்டாம். நட்டு போல்ட் போட்டு முறுக்குகிற, பேட்டரி போடுகிற லைட்டாக வாங்குங்கள். ஸ்பேனர் எடுத்துக்கொண்டு பூ வாங்க எவன் வருவான்?

வைகைக்கரையான்: மாட்டுத்தாவணியை நீங்கள் சரியாகப் பார்த்ததில்லை.